அஞ்சல்வழிக் கல்வியில் படிப்பைத் தொடர்தல்: தொண்டாமுத்தூர் வட்டார நோக்கில் ஒரு வரலாறு

அஞ்சல்வழிக் கல்வி என்பது வகுப்பறைக்கு நாள்தோறும் செல்லாமல், வீட்டிலிருந்தோ பணியிடத்திலிருந்தோ பாடம் படித்துத் தேர்வெழுதிப் பட்டம் பெறும் முறை. தொலைதூரக் கல்வி, தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைக் கல்வி என்று காலத்துக்கேற்பப் பெயர் மாறினாலும், மக்கள் பேச்சில் அது இன்றும் ‘தபால் படிப்பு’ அல்லது ‘கரஸ்’. இம்முறையில் சேருவது எளிது, முடிப்பது கடினம். சேர்ந்தவர்களில் யார் படிப்பைத் தொடர்கிறார்கள், யார் பாதியில் நிறுத்துகிறார்கள், ஏன் என்பது இக்கல்வியின் வரலாறு நெடுகிலும் வரும் கேள்வி. கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள தொண்டாமுத்தூர் போன்ற வேளாண் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இக்கேள்வி இன்னும் தெளிவாகிறது.

தொண்டாமுத்தூர் வட்டாரமும் கற்போரும்

தொண்டாமுத்தூர் ஒரு பேரூராட்சி. அதே பெயரிலான ஊராட்சி ஒன்றியத்தில் நரசீபுரம், தேவராயபுரம், தென்னமநல்லூர், மாதம்பட்டி, இக்கரை போளுவாம்பட்டி முதலிய ஊர்கள் அடங்கும். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யலாற்றின் மேல்பகுதி இது. சின்ன வெங்காயம், வாழை, தென்னை, பாக்கு, தக்காளி, கறிவேப்பிலை ஆகியவை இங்கு விளைகின்றன. பெரும்பாலான வீடுகளில் கறவை மாடும் உண்டு.

இவ்வூரிலிருந்து வடவள்ளி வழியாக நகருக்குச் செல்லும் ஒருவர் மருதமலை அடிவாரத்தில் அமைந்த பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு அருகிலும், லாலி ரோட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை ஒட்டியும் பயணம் செய்கிறார். மறுபுறம் பேரூரில் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. நகருக்குள் 1852-இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் வளர்ந்த அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட பல கல்லூரிகள் உள்ளன. ஆகவே, கல்லூரி எட்டாத தொலைவில் இருந்ததால்தான் இங்குள்ளவர்கள் அஞ்சல்வழியில் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திருமணமான பெண்கள், தோட்டத்தை விட்டு நகர முடியாத இளைஞர்கள், ஆலைகளிலும் பட்டறைகளிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட அரசு ஊழியர்கள் ஆகியோருக்குத் தடையாக இருந்தது கிலோமீட்டர் அன்று, நேரமும் குடும்பப் பொறுப்பும்தான். படிப்பின் நடுவில் அவர்களை நிறுத்தியதும் பெரும்பாலும் அவையே.

முன்னோடி: தனித்தேர்வர் மரபு

அஞ்சல்வழிக் கல்வி மேலைநாட்டிலிருந்து வந்த வடிவம். 1840-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சலில் அனுப்பி, மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் எங்கு படித்தவரும் தன் தேர்வை எழுதலாம் என்று அனுமதித்தது. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, மாணவரை இந்த லண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கே தயார் செய்தது.

ஆனால் தேர்வு ஓரிடத்திலும் படிப்பு வேறிடத்திலும் நடக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் ஆகிய தேர்வுகளை நடத்தியது. 1918-இல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா தேர்வுகளுக்கு இன்றும் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மாலை நேரத்தில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ பிள்ளைகள் படிப்பதைக் காணலாம். தட்டச்சுத் தேர்வுக்கு ஊருக்கொரு இன்ஸ்டிடியூட் இருந்தது.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. தேர்வை நடத்துபவர் தொலைவில் இருந்தார், கற்பிப்பவர் அருகில் இருந்தார். இரண்டு நாள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஓர் ஆசிரியரும், கூடப் படிக்க நான்கு பேரும் இருந்தார்கள். பிற்கால அஞ்சல்வழிக் கல்வி தேர்வையும் பாடநூலையும் வைத்துக்கொண்டு, அருகிலிருந்த அந்த ஆசிரியரை நீக்கிவிட்டது. அதன்பின் நடந்த சீர்திருத்தங்கள் பலவற்றை, அந்த இடத்தை மீண்டும் நிரப்பும் முயற்சிகளாகவே பார்க்க முடியும்.

அஞ்சல்வழிக் கல்வியின் வருகை

இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கான திட்டத்தை வகுத்த குழுவுக்கு டி.எஸ். கோத்தாரி தலைமை வகித்தார். பின்னர் அவர் தலைமையிலேயே அமைந்த கல்விக் குழு (1964–66), 1986-க்குள் உயர்கல்வி மாணவரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் அஞ்சல்வழியிலும் மாலை வகுப்புகளிலும் படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இலக்கு சேர்க்கையைக் குறித்ததே தவிர, முடித்து வெளியேறுவோரைக் குறிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இம்முறையைத் தொடங்கின. 1982-இல் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் உருவானது. பின்னர் அதுவும் தொலைநிலைக் கல்வியில் இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் தபால்காரர் பாடக்கட்டு கொண்டுவரும் காட்சி பழகிப்போனது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பலர் இவ்வழியில் வந்தவர்களே. இடைநிலை ஆசிரியர்கள் பட்டதாரிகளானதும், எழுத்தர்கள் பதவி உயர்வு பெற்றதும் இதனால்தான்.

தொடக்கக் கால அமைப்பில் மூன்று உறுப்புகள் இருந்தன. அச்சிட்ட பாடங்கள், மாணவர் விடையெழுதி அனுப்ப வேண்டிய பயிற்சித் தாள்கள், சில நாட்கள் நடக்கும் தொடர்பு வகுப்புகள். இவற்றில் பாடங்கள் மட்டுமே தவறாமல் மாணவரைச் சென்றடைந்தன. பயிற்சித் தாள் பல இடங்களில் கட்டாயமில்லை. அனுப்பினால் திருத்தி வரத் தாமதமானது, தாமதமானதால் மாணவர் அனுப்புவதை நிறுத்தினர். தொடர்பு வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் அமர்ந்தனர். பிட்மன் தொடங்கிய முறையின் உயிரான ‘எழுதியதற்குப் பதில் வருதல்’ இங்கு தேய்ந்து, ஆண்டுக்கொருமுறை வரும் தேர்வு மட்டும் எஞ்சியது.

இடைநிற்றலின் இயல்பு

அஞ்சல்வழி மாணவரின் இடைநிற்றல் ஓசையற்றது. கல்லூரி மாணவர் நின்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்குவார், வகுப்பில் ஓர் இருக்கை காலியாகும். அஞ்சல்வழி மாணவர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் அவர் தாம் நின்றுவிட்டதாக நினைப்பதுகூட இல்லை. ‘அடுத்த வருஷம் எழுதிக்கலாம்’ என்றே சொல்லிக்கொள்கிறார்.

அது நிகழும் கட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. முதலாவது, பாடக்கட்டு வந்த பின் வரும் சில மாதங்கள். எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆளின்றிப் பிரிக்கப்படாத கட்டு அலமாரிக்குப் போகிறது. இரண்டாவது, முதல் தேர்வு. தோட்டத்தில் அறுவடை, வீட்டில் பிரசவம், ஆலையில் விடுப்பு மறுப்பு என ஏதேனும் ஒன்று குறுக்கிட்டுத் தேர்வைத் தவறவிட்டவருக்கு அடுத்த வாய்ப்பு மாதங்கள் கழித்தே கிடைக்கிறது. மூன்றாவது, நிலுவைத் தாள்கள். ஒன்றிரண்டு ‘அரியர்’ சேர்ந்ததும் முடிக்க வேண்டிய தொலைவு கூடிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது.

வட்டாரத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. கொங்கு நாட்டில் முகூர்த்த ஞாயிறு என்றால் உறவு வீட்டுக் கல்யாணம், சீர், விருந்து என்று குடும்பமே கிளம்பிவிடும். ‘படிப்பு இருக்கிறது’ என்று ஒரு மருமகள் அன்று வீட்டில் தங்குவது எளிதன்று. காலையும் மாலையும் பால் கறக்கும் வீட்டில் அதிகாலைப் படிப்புக்கும் இடமில்லை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய நீண்ட மின்வெட்டு, வேலை முடித்து இரவில் படிப்பவர்களின் நேரத்தையே எடுத்துக்கொண்டது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு ஆங்கிலத் தாள் தனிச் சுவர்.

ஆய்வாளர்களின் விளக்கங்கள்

மாணவர் ஏன் நிற்கிறார் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் அளித்த விளக்கம் பெரும் செல்வாக்குப் பெற்றது. மாணவர் தம் கல்வி நிறுவனத்தின் படிப்போடும் அதன் மனிதர்களோடும் எவ்வளவு பிணைந்திருக்கிறாரோ அவ்வளவுக்குத் தொடர்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம். வளாகமே இல்லாத அஞ்சல்வழி மாணவருக்கு இதைப் பொருத்திப் பார்த்த டேவிட் கெம்பர், குடும்பம், வேலை, சுற்றம் ஆகியவற்றோடு படிப்பு ஒத்துப்போவதையும் கணக்கில் சேர்த்தார்.

சுவீடனைச் சேர்ந்த பெரியே ஹோல்ம்பெரி, நல்ல அஞ்சல்வழிப் பாடம் ஆசிரியர் மாணவரோடு உரையாடுவதுபோல் எழுதப்பட வேண்டும் என்றார். மைக்கேல் மூர், கல்வியில் தொலைவு என்பது நிலவியல் தொலைவன்று, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான புரிதலின் இடைவெளி என்று விளக்கினார். பல்கலைக்கழக வாயிலைக் கடந்து நாள்தோறும் பேருந்தில் போகிற தொண்டாமுத்தூர்க்காரருக்கு அப்பல்கலைக்கழகம் ஏன் தொலைவில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் மாணவரைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நடைமுறையில் காட்டியது. ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் அறிந்த ஒரு பயிற்றுநர், குறித்த நாளில் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்புகள், உள்ளூர்ப் படிப்பு மையம், கோடைக்கால முகாம் ஆகியவை அதன் தூண்கள். அங்கு பணியாற்றிய ஓர்மண்ட் சிம்சன், மாணவர் சிக்கலில் மாட்டி அழைக்கும்வரை காத்திராமல், படிப்பு தொடங்கும் முன்பே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது தொடர்வோர் விகிதத்தைச் சில புள்ளிகள் உயர்த்துவதை எடுத்துக்காட்டினார். உதவி தேவைப்படுபவரே உதவி கேட்பதில் பின்தங்குகிறார் என்பது இதன் அடிப்படை.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள்

இந்தியாவில் இம்மாதிரியை முதலில் ஏற்றது 1982-இல் ஆந்திரத்தில் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டியே 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார். 1990 முதல் 1994 வரை அப்பதவியை வகித்தவர் கரூர் வட்டாரத்து வாங்கலாம்பாளையத்தில் பிறந்த வா.செ. குழந்தைசாமி. கொங்கு மண்ணின் சிற்றூரிலிருந்து சென்று நாட்டின் தொலைநிலைக் கல்விக்குத் தலைமை ஏற்ற இவர், 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் உருவாக்கத்திலும் முதன்மைப் பங்காற்றினார். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அந்நிறுவனம், பாடங்களை இணையத்தில் வைத்ததோடு நில்லாமல் தமிழர் வாழும் நாடுகளில் தொடர்பு மையங்கள் வழியாகவும் இயங்கியது.

2002-இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றித் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதற்குக் கோயம்புத்தூரில் மண்டல மையமும் உண்டு. இவ்வகைப் பல்கலைக்கழகங்களில் ஒப்படைப்புக்கு மதிப்பெண் வழங்கப்பட்டதால், ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்பே மாணவர் ஏதேனும் ஒன்றை எழுதி முடிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறியதாயினும் இது முக்கியமான மாற்றம். முதல் ஒப்படைப்பை முடித்தவருக்கு ‘நம்மால் முடியும்’ என்ற எண்ணம் தேர்வுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

கொங்கு நாட்டு அனுபவங்கள்

படிப்பைத் தொடர உதவுவது எது என்பதற்குக் கொங்கு வட்டாரத்திலேயே சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆலைத் தொழிலாளர் கல்வி. கோயம்புத்தூர்ப் பகுதியின் கே.பி.ஆர். ஆலை நிறுவனம் தன் விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பெண்களுக்கு, வேலை நேரம் முடிந்தபின் வகுப்புகள் நடத்தி, பள்ளித் தேர்வு முதல் திறந்தநிலைப் பட்டம் வரை படிக்க ஏற்பாடு செய்தது. பள்ளியைப் பாதியில் விட்டு வந்த பலர் பட்டதாரிகளானார்கள். இங்கு பாடநூலும் தேர்வும் மற்றவர்களுக்கு உள்ளவையே. வேறுபட்டவை மூன்று: ஷிப்டுக்கு ஏற்ற வகுப்பு நேரம், அதே இடத்தில் ஆசிரியர், பக்கத்துக் கட்டிலில் அதே பாடத்தைப் படிக்கும் தோழி. ஆலை விடுதி முறை வேறு பல இடங்களில் இளம்பெண்களின் உரிமையைப் பறித்ததாகக் கண்டிக்கப்பட்டதும் உண்டு. ஆகவே கல்வி அங்கு பணியமர்த்தலுக்கான கவர்ச்சியாக மட்டும் நின்றுவிடாமல் இருப்பதும் முக்கியம்.

இரண்டாவது சான்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம். உழவர்களுக்கென்று தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகளையும், பண்ணைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டப்படிப்பையும் அது நடத்துகிறது. தலை நரைத்த உழவர்கள் பட்டமளிப்பு அங்கி அணியும் காட்சி இதனால் வாய்த்தது. படிப்பவருக்குத் தெரிந்த தொழில், அவர் பேசும் மொழி, நேரில் செய்து பார்க்கும் வகுப்பு ஆகிய மூன்றும் இங்கு சேர்கின்றன. வகுப்பில் கேட்டதை மறுநாள் தன் தென்னந்தோப்பில் சோதித்துப் பார்க்கிறவருக்குப் படிப்பின் பயன் பட்டம் வரும்வரை தள்ளிப்போவதில்லை.

தேனி மாவட்டத்தில் ‘விடியல்’ அமைப்பும் காமன்வெல்த் கற்றல் அமைப்பும் சேர்ந்து நடத்திய உழவர் வாழ்நாள் கல்வித் திட்டத்தையும் இங்கே ஒப்பிடலாம். ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கைபேசியில் குரல் செய்திகளாகப் பாடங்கள் அனுப்பப்பட்டன. அப்பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் ஏற்கெனவே ஒன்றாக இருந்தவர்கள் என்பதால், கேட்ட பாடத்தைத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். கைபேசி பாடத்தைக் கொண்டுவந்தது, அதைப் பிடித்துவைத்தது குழு.

பட்டத்தின் மதிப்பு

முடித்தால் பயனுண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் எவரும் தொடர்ந்து படிப்பதில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம், இளநிலைப் பட்டம் பெறாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதையொட்டிப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பள்ளிப் படிப்பை இழந்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்த பலருக்கு இது பேரிடியாயிற்று. பல்கலைக்கழகத்தின் எல்லை, படிப்பின் அங்கீகாரம் ஆகியவை குறித்த சர்ச்சைகளும் மாணவரை அலைக்கழித்தன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் தொலைநிலைப் படிப்பு நடத்தத் தகுதி வரையறைகளையும் கற்போர் உதவி மையங்களுக்கான நெறிகளையும் வகுத்தன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் கல்லூரிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022-இல் அக்குழு தெளிவுபடுத்தியது. ஆயினும் உதவித் திட்டங்களில் இந்த இணை நிலை முழுமையாகவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வியைத் தொடர மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது பொருந்தாது. கல்லூரிக்குப் போக முடியாததால் தபாலில் சேர்ந்த பெண்ணே அத்தொகை இல்லாமல் படிப்பைத் தொடர வேண்டியிருக்கிறது.

இணையவழிக் காலம்

கணினியும் கைபேசியும் இடைநிற்றலைத் தீர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் 2012-க்குப் பின் உலகெங்கும் பரவிய திறந்த இணையப் படிப்புகளில் பத்தில் ஒருவர்கூட முடிக்காத நிலையே பெரும்பாலும் காணப்பட்டது. அஞ்சலில் வந்த பிரிக்காத பாடக்கட்டின் இடத்தைப் பார்க்காத காணொளி பிடித்துக்கொண்டது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டம் பின்னர் கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகளை அமைத்து, அங்குள்ள ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராக்கியது. வாராந்தர ஒப்படைப்பு, குறித்த நாளில் நேரில் எழுதும் தேர்வு ஆகியவற்றையும் வைத்தது. உலகத்தரப் பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தபோதும், அருகில் ஒரு பொறுப்பாளர் வேண்டியிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கக் காலத்து ஏற்பாட்டின் புதிய வடிவமே இது.

படிப்பைத் தொடர உதவுபவை

இவ்வரலாற்றிலிருந்து, தொலைநிலை மாணவர் படிப்பைத் தொடர உதவும் காரணிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

• மாணவரின் பெயரும் நிலையும் அறிந்து, அவர் கேட்கும் முன்பே விசாரிக்கும் ஓர் ஆசிரியர் அல்லது ஆலோசகர்.
• எழுதி அனுப்பியதற்கு விரைவாகக் கிடைக்கும் திருத்தமும் பதிலும்.
• முதல் சில வாரங்களிலேயே முடிக்கக்கூடிய சிறிய ஒப்படைப்பு.
• ஒரே ஊரில் அல்லது ஒரே பணியிடத்தில் அதே படிப்பைப் படிக்கும் சிலரின் கூட்டு.
• அறுவடை, ஷிப்டு, முகூர்த்த நாள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட வகுப்பு, தேர்வு அட்டவணை.
• வீட்டில் படிப்புக்கென ஒதுக்கப்பட்ட நேரமும், அதைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்வதும்.
• தாய்மொழியில் தெளிவான பாடமும், ஆங்கிலத் தாளுக்குத் தனிப் பயிற்சியும்.
• பட்டம் செல்லுபடியாகும் என்ற உறுதியும், கல்லூரி மாணவருக்கு உள்ள உதவிகளில் பங்கும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. தொண்டாமுத்தூர் போன்ற ஒன்றியத்தில் ஊர்ப்புற நூலகமும், மாலையில் காலியாக இருக்கும் அரசுப் பள்ளி வகுப்பறையும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஏற்கெனவே உள்ளன. இதே வட்டாரத்தில் அஞ்சல்வழியில் படித்து முடித்த பட்டதாரிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரம் ஒருமுறை அந்த வகுப்பறையில் அமர்ந்து, ‘போன வாரம் எதுவரை படித்தீர்கள்’ என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.